யாருக்கு மிச்சம்?

அரசு ஊழியர்களை மிரட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வாக்கியம் உண்டு: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." அந்தக் காடு வேறெங்கும் இல்லை, நான் பிறந்து வளர்ந்த ராமநாதபுரம் மாவட்டம்தான். அடுத்தவனுக்குத் தண்டனையாகக் காட்டப்படும் இடத்தில் ஓட்டப்பந்தயமும் கபடியும் ஆடி வளர்ந்தவனுக்கு, ஆராய்ச்சிக்காக அரிசோனாவின் டூசானுக்குப் போக வாய்ப்பு வந்தபோது ஊரில் ஒரே சிரிப்பு. இங்கிருந்து போய்ச் சேருவதும் பாலைவனந்தானா என்றார்கள். போன முதல் நாள் இரவு குழாயைத் திறந்தேன். வந்தது. அதிகாலை 3 மணிக்குத் தூக்கம் கலைந்து எழுந்து திறந்தேன். அப்போதும் வந்தது, அதே வேகத்தில். டூசானின் ஆண்டு மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. எங்கள் தண்ணியில்லாக் காட்டில் 800க்கு மேல் பெய்கிறது. பெய்தும் நாங்கள் பிளாஸ்டிக் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனோம். பெய்யாத ஊரில் நான் பாதி ராத்திரியில் குழாயைத் திறந்து விளையாடிக்கொண்டிருந்தேன். குளியலறைச் சுவரில் மட்டும் ஒரு ஸ்டிக்கர், நாம் பாலைவனத்தில் வாழ்கிறோம், தண்ணீரைச் சேமியுங்கள் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அங்கிட்டு தண்ணிக் கஷ்டமாய்யா?" என்றாள். இல்லம்மா, திறந்தா வருது என்றேன். "அப்பறம் எதுக்குய்யா மிச்சம் பிடிக்கச் சொல்றாக?" சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினேன். அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. குழாயை இறுக்கி மூடும்போதெல்லாம் அந்தக் கேள்வி இன்னமும் விரல்களில் வந்து நிற்கிறது.

வளாகத்தை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில் நான்கு பேராகக் குடியிருந்தோம். ஷவருக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சுவரில் ஒட்டிவைத்த சின்ன மணல் கடிகாரம் ஒன்று இருந்தது. கவிழ்த்துவிட்டால் 5 நிமிடத்தில் நீல மணல் முழுக்க இறங்கிவிடும், அதற்குள் குளித்து முடித்துவிட வேண்டும். பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு மணலால் தண்ணீரை அளக்கிற வேடிக்கை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் தலைக்கும் சேர்த்துக் குளித்து, மிஞ்சிய அரை வாளியில் துணியும் அலசிப் பழகியவன் நான். மணல் பாதி இறங்குவதற்குள் துவட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். கூட இருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குள்ளும் ஒரு சின்ன கர்வம் முளைத்தது, ஏழ்மையில் கற்ற பழக்கத்துக்குச் சீமையில் சான்றிதழ் கிடைத்ததுபோல. பிறகு ஒருநாள் மாடி வீட்டுக் கழிப்பறைத் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. ராத்திரியில் ஊர் அடங்கியதும் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். சொட்டுச் சத்தம்கூட இல்லை, மெல்லிய இடைவிடாத இழைச் சத்தம். மேலாளரிடம் சொன்னோம், எழுதிக் கொடுத்தோம், மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நான் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குளித்தேன். ஸ்டிக்கர் என்னிடம் பேசியதே தவிர அந்தத் தொட்டியிடம் பேசவில்லை. நான் மிச்சம் பிடித்தது அந்த இழைக்குள் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று படுக்கையில் கிடந்தபடி கணக்குப் போட்டுப் பார்ப்பேன். கணக்கு முடிவதற்குள் தூங்கிவிடுவேன். முடித்துப் பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் சரி.

வெயில் நாட்டின் பெரிய வளாகம் எதுவானாலும் தண்ணீரை அதிகம் குடிப்பவற்றில் கூலிங் டவரும் ஒன்று. கட்டடங்களிலிருந்து வெளியேற்றிய சூட்டை ஆற்றுவதற்காகத் தண்ணீரைப் பொழியவிட்டு, அதில் ஒரு பங்கை ஆவியாக வானத்துக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. சத்தமாக மூச்சு விடும், கிட்டே போனால் முகத்தில் ஈரம் படும். ஜூன் மாதத்தில் உதடு வெடித்து, துவைத்துப் போட்ட சட்டை அரை மணி நேரத்தில் அப்பளமாகிற அந்த ஊரில் அந்த ஈரம் சுகமாகவே இருந்தது. இதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் தேவைப்படாத எந்திரத்தை வைத்தால் மின்சாரம் கூடும். அந்த மின்சாரத்தை எங்கோ ஒரு நிலையம் தயாரிக்க வேண்டும், அதற்கும் தண்ணீர் வேண்டும். பீனிக்ஸுக்கு மேற்கே இருக்கும் பாலோ வெர்டே அணுமின் நிலையம் நகரத்தின் சாக்கடையைச் சுத்திகரித்துத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது என்று படித்தபோது, ஒரு குழாயை மூடுவதென்பது எத்தனை குழாய்களைத் திறப்பது என்று புரியாமல் போயிற்று. நான் பொறியாளன் இல்லை. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இடையே நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் எது லாபம் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. என் குளியலறைக்கு வந்த அறிவுரை அந்தக் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

அரிசோனா பல்கலைக்கழகம் பிறந்த கதையே கொஞ்சம் கோணலானது. 1885இல் சட்டசபை சலுகைகளைப் பங்கு வைத்தபோது மனநல மருத்துவமனை பீனிக்ஸுக்குப் போயிற்று, டூசானுக்குப் பல்கலைக்கழகம் வந்தது. மருத்துவமனைக்குத்தான் பணம் அதிகம் என்பதால் டூசான்காரர்களுக்கு ஏக ஏமாற்றம். கடைசியில் 40 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தவர்கள் இரண்டு சூதாடிகளும் ஒரு சாராயக்கடைக்காரரும். அந்த வளாகத்தின் நடுவே இன்று நீண்ட புல்வெளி ஓடுகிறது, புல்வெளிக்கு நடுவே ஒரு கள்ளித் தோட்டம். புல் மழை நாட்டிலிருந்து வந்த ஏக்கம், கள்ளி அந்த மண்ணின் பிள்ளை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். நான் அதிகம் போய் உட்கார்ந்த இடம் வேறு. கட்டடக்கலைக் கல்லூரியின் ஓரத்தில், முன்பு கார்கள் நின்ற தார்த்தளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு 2007இல் ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள். கூரை மழையும் ஏசி எந்திரங்களிலிருந்து வடிகிற தண்ணீரும் சுமார் 44,000 லிட்டர் தொட்டியில் சேர்ந்து அந்தத் தோட்டத்தை வளர்க்கின்றன. வேலமரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்போல மெஸ்கீட், பாலோ வெர்டே மரங்கள். இலைகள் சின்னதாக, நிழல் சல்லடையாக. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மதுரையில் அக்கா வீடு ஞாபகம் வந்தது. ஏசி குழாய்க்கு அடியில் அம்மா ஒரு பெயின்ட் வாளியை வைத்திருப்பாள். அந்தத் தண்ணீரில் தரை துடைப்பாள், துளசிக்கு ஊற்றுவாள். அதை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா கூடாதா என்று அத்தான் வருடக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்தார். அம்மா செய்ததைத்தான் அங்கே வரைபடம் போட்டு, குழாய் இழுத்து, பாடமாகவும் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம். வாளியில் சேர்ந்தது எந்தச் செடிக்குப் போகிறது என்று அம்மாவுக்குத் தெரியும். அந்தத் தோட்டத்திலும் அது கண்ணுக்குத் தெரிந்தது. நான் ஷவரில் மிச்சம் பிடித்தது எந்தச் செடிக்குப் போயிற்று?

தேடிப் பார்த்ததில் கிடைத்த பதில் எனக்கு நிம்மதி தரவில்லை. 1980இல் அரிசோனா ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. டூசானைப் போன்ற பகுதிகளில் புதிதாக மனை பிரித்து வீடு கட்டுகிறவர்கள், 100 ஆண்டுகளுக்கு அந்த வீடுகளுக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். உலகத்தில் இவ்வளவு தொலைநோக்கோடு எழுதப்பட்ட நீர்ச் சட்டங்கள் குறைவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நம் ஊரில் கண்மாயின் உள்வாயிலேயே மனை பிரித்துக் கல் நட்டு, கலர் கொடி கட்டி விற்பதைப் பார்த்தவன், அந்தச் சட்டத்தை வாசித்துவிட்டு எழுந்து நின்று கும்பிடலாம் என்றுகூட நினைத்தேன். அதன் மறுபக்கம் மெதுவாகத்தான் உறைத்தது. டூசானில் மக்கள்தொகை லட்சக்கணக்கில் கூடியும் நகரம் வழங்கும் தண்ணீரின் மொத்த அளவு 1980களில் இருந்ததைவிடப் பெரிதாகக் கூடவில்லை. ஒவ்வொருவரும் குறைத்துக்கொண்டார்கள், குறைத்துக்கொண்டதால் இன்னொருவர் வந்து சேர இடம் உண்டானது. மிச்சம் பிடித்த தண்ணீர் ஆற்றுக்கும் போகவில்லை, ஊற்றுக்கும் போகவில்லை. ஊருக்கு வெளியே களிமண் நிற ஓடு வேய்ந்த புதுத் தெருக்களாக நீண்டது. இதை எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது. நானும் அப்படி வந்து சேர்ந்த ஒருவன்தானே? முன்பு இருந்தவர்கள் ஷவரைச் சீக்கிரம் மூடியதால்தான் 2 வருடம் எனக்கு 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. வந்து உட்கார்ந்த பிறகு கதவைச் சாத்தச் சொல்கிற ரயில் பயணியின் புத்தி இது. மாநிலத்தின் தண்ணீரில் 70 சதவீதத்துக்கு மேல் விவசாயத்துக்குப் போகிறது, குளிர்காலத்தில் அமெரிக்கா முழுவதும் தின்கிற லெட்டூஸ் கீரை பெரும்பாலும் அதே மாநிலத்தின் யூமா வயல்களில் விளைகிறது என்று ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்ளலாம். நானும் அந்தக் கீரையைத் தின்றேன்.

அந்த வளாகத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது ஸ்டேடியத்துக்கு அடியில் இருந்த மரத்துண்டுகள்தான். ஏ. இ. டக்ளஸ் என்ற வானியலாளர், சூரியனின் ஏற்றத்தாழ்வு மர வளையங்களில் பதிந்திருக்கிறதா என்று பார்க்கப் புறப்பட்டு, கடைசியில் மழையையும் வறட்சியையும் வாசிக்கிற ஒரு புதிய படிப்பையே உருவாக்கினார். 1937இல் அதற்கென ஓர் ஆய்வகம் வந்தது. தற்காலிகமாக என்று சொல்லிக் கால்பந்து ஸ்டேடியத்தின் இருக்கைகளுக்கு அடியில் இடம் கொடுத்தார்கள். தற்காலிகம் 2013 வரை நீண்டது. மேலே ஆரவாரம், கீழே பெட்டி பெட்டியாக நூற்றாண்டுகள். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் வளையம் அகலமாக இருக்கும், பஞ்சத்தில் நூல்போல ஒடுங்கிவிடும். அங்கே வேலை பார்த்த சார்ல்ஸ் ஸ்டாக்டன், கோர்டன் ஜேக்கபியுடன் சேர்ந்து இந்த வளையங்களைக் கொண்டு கொலராடோ ஆற்றின் பழைய ஓட்டத்தைக் கணக்கிட்டார். 1976இல் வந்த அந்தக் கணக்கின்படி ஆற்றின் நீண்டகாலச் சராசரி ஆண்டுக்கு 1 கோடியே 35 லட்சம் ஏக்கர் அடி. நமக்குப் பழகிய அளவில் சுமார் 588 டிஎம்சி. ஆனால் 1922இல் மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் மேல்படுகைக்கு 327, கீழ்ப்படுகைக்கு 327 என்று பிரித்துக் கொடுத்திருந்தது. 1944இல் மெக்சிகோவுக்கு இன்னொரு 65. பங்கு போட்டவர்கள் கையில் இருந்த சில வருடக் கணக்கு, மரங்களின் சாட்சியப்படி முந்தைய நான்கு நூற்றாண்டுகளில் மிக ஈரமாக இருந்த காலத்தைச் சேர்ந்தது. வராத தண்ணீரைப் பாகம் பிரித்தார்கள். காவிரியை எண்ணாமல் இதைப் படிக்கத் தமிழனால் முடியாது. சென்னை மாகாணமும் மைசூரும் கையெழுத்திட்டது 1924, அதாவது இரண்டே வருடம் கழித்து. இன்னொன்றும் உண்டு: 2007இல் நடுவர் மன்றம் காவிரியின் மொத்த நீர் என்று வைத்துக்கொண்டது 740 டிஎம்சி. மலைகளை அறுத்துப் பள்ளத்தாக்கு செய்த, சினிமாவில் நாம் பார்த்து வாய்பிளந்த அந்தக் கொலராடோ நீரளவில் நம் காவிரியைவிடச் சிறிய ஆறு. ஏழு மாநிலங்கள் அதன் மேல் கட்டப்பட்டிருக்கின்றன.

அந்த ஆற்றிலிருந்து டூசானுக்குத் தண்ணீர் வருகிற வழியை ஒருமுறை பார்க்கப் போனேன். சிமென்ட் கால்வாய், இரண்டு பக்கமும் கம்பிவேலி, ஓசையே இல்லாத பச்சை. மேற்கு எல்லையில் ஆற்றைத் தடுத்து, ஏறத்தாழ 540 கிலோமீட்டர் கொண்டுவருகிறார்கள். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும். இங்கே மேட்டை நோக்கி, மொத்தம் சுமார் 880 மீட்டர் உயரத்துக்கு இறைத்து ஏற்றுகிறார்கள். அதற்கான மின்சாரம் பெரும்பாலும், 2019இல் மூடப்படும்வரை, ஒரு நிலக்கரி மின்நிலையத்திலிருந்துதான் வந்தது. 1992இல் இந்தத் தண்ணீரை நேரடியாகக் குழாய்களில் விட்டபோது பழைய இரும்புக் குழாய்களின் துரு கரைந்து வீடுகளில் காவி நிறத்தில் கொட்டியது. ஊர் கொதித்தது, இரண்டே வருடத்தில் நிறுத்தினார்கள். இப்போது அதை மேற்கே ஒரு பள்ளத்தாக்கில் விரித்து மண்ணுக்குள் இறக்கி, நிலத்தடி நீரோடு கலந்து எடுத்துத் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் வரலாற்றிலேயே முதன்முறையாக ஆற்றில் பற்றாக்குறை என்று அரசு அறிவித்து, அடுத்த வருடத்துக்கான பங்கைக் குறைத்தபோது நான் ஊர் திரும்பிவிட்டிருந்தேன். செய்தியைப் படித்ததும் அந்த நீல மணல்தான் கண்முன் வந்தது.

மிச்சம் என்ற சொல்லை நாம் சும்மா பயன்படுத்துவதில்லை. சோற்றுப் பானையில் மிச்சம் வைத்தால் பிந்தி வருகிறவனுக்கு. காசு மிச்சம் பிடித்தால் மகள் கல்யாணத்துக்கு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பார். எங்கள் கண்மாயில் தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொல்லி யாரும் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. அங்கே புழங்கிய சொல் 'முறை'. இன்று யார் முறை, எத்தனை நாழிகை, எந்த மடை. தண்ணீர் குறைந்தால் முறை சுருங்கும், எல்லோருக்கும் சேர்ந்தே சுருங்கும். திறக்கவும் அடைக்கவும் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் நிலமில்லாதவர், பெரும்பாலும் ஊருக்கு வெளியே குடியிருத்தப்பட்டவர். நிலமில்லாததால் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்பது அந்த ஏற்பாட்டின் நியாயம். இந்த இடத்தில் என் பேனா தயங்குகிறது, தயங்கத்தான் வேண்டும். ஊர் முழுக்கத் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்த அந்த மனிதர் எங்கள் ஊருணிக் கரையில் இறங்கி ஒரு குடம் மொள்ள முடியாது. எட்ட நின்று யாராவது ஊற்றக் காத்திருப்பார். ஆகவே முறை நல்லது, சேமிப்பு பொய் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாயில்லை. முறைக்குள் யார் இருந்தார்கள் என்ற கேள்வி அங்கேயும் உண்டு. அந்தக் கேள்வி டூசானிலும் உண்டு. அதைச் சுற்றி ஆயிரமாண்டுகளாக வாழ்கிற ஓதாம் மக்கள், மழை வெள்ளம் ஓடைகளிலிருந்து பரவுகிற வாயில் விதைத்து, அது வடிவதற்குள் பயறு விளைவித்தவர்கள். நகரம் கிணறு தோண்டி உறிஞ்ச உறிஞ்ச அவர்களின் சான்டா குரூஸ் ஆறு மணலாகிப்போனது. அவர்கள் வழக்குப் போட்டு, 1982இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 2004இல் இன்னொரு சட்டத்தால் அதை நிறைவாக்கி, கடைசியில் அவர்களுக்கும் பங்கு வந்தது. வந்தது அவர்கள் ஆற்றுத் தண்ணீர் இல்லை. 540 கிலோமீட்டர் தள்ளியிருந்து மேடேறி வந்த கொலராடோ.

ஜூலை ஆரம்பத்தில் ஒரு மதியம் தெற்கே மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளி விழுவதற்கு முன்பே கிரியோசோட் புதர்களின் வாசனை வந்துவிட்டது. மருந்தும் தாரும் கலந்தாற்போல, ஆனால் நெஞ்சை நிறைக்கிற வாசனை. எங்கள் கரிசலின் மண்வாசனைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அதே வேலையைச் செய்தது. 20 நிமிட மழை. தெருக்கள் ஆறுகளாயின. வளாகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் டன்பார் ஸ்பிரிங் என்ற குடியிருப்பில் 1990களில் பிராட் லங்காஸ்டர் என்பவரும் அண்டை வீட்டாரும் சாலையோரக் கல்கட்டை வெட்டித் திறந்து, தெருவில் ஓடும் மழைநீரை மரங்களின் பாத்திக்குத் திருப்பினார்கள். அப்போது அது சட்டத்துக்குப் புறம்பானது. பிறகு நகரமே அனுமதித்தது. 2008இல் புதிய வணிகக் கட்டடங்கள் தங்கள் தோட்டத் தண்ணீரில் பாதியை மழையிலிருந்தே எடுத்தாக வேண்டும் என்று விதியும் போட்டது. நனைந்துகொண்டே நடந்து போய் அந்த வெட்டுகளில் ஒன்றின் முன் நின்றேன். சருகும் சிகரெட் துண்டுகளும் சுழன்று உள்ளே போயின, பின்னாலேயே பழுப்புத் தண்ணீர். பாத்தி நிறைந்து, அடுத்த வீட்டு வெட்டுக்கு நகர்ந்தது. மடை. சந்தேகமே இல்லை, மடைதான். யாரும் எதையும் அங்கே குறைத்துக்கொள்ளவில்லை. எந்த மரத்துக்கு என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அம்மாவுக்கு அன்றிரவே போன் செய்து சொன்னேன். "அதான் வாய்க்கா வெட்டிருக்காகள்ல" என்றாள், இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்கிற குரலில்.

இப்போது தென்மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் இருக்கிறேன். மேட்டு நிலம், சுற்றிலும் சீமைக்கருவேலம். விடுதிகளுக்குக் கோடையில் லாரித் தண்ணீர் வரும். நுழைவாயிலில் குறள் எழுதிய பலகை, குளியலறைக் கதவுகளில் சிரிக்கும் நீர்த்துளிப் படம். போன மார்ச்சில் மாணவர்கள் எல்லோரும் மைதானத்தில் வெயிலில் நின்று, வலது கையை நீட்டி, தண்ணீரைச் சேமிப்போம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். நானும் கையை நீட்டினேன். கலைந்து போகும்போது முதலாமாண்டு மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து, இப்ப நாம எவ்ளோ செலவு பண்றோம் சார், குறைஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும் என்று கேட்டாள். விடுதி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லாரி வந்த கணக்கு ஒரு நோட்டில் இருந்தது, அதுவும் பணம் கொடுப்பதற்காக எழுதியது. வளாகத்தில் 3 போர்வெல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மீட்டர் கிடையாது.